சென்ட்ரலோட முகம் பார்க் டவுன்ல, உடம்பு வடசென்னைல

சென்ட்ரலுக்கு வெளியூர்ல இருந்து வண்டில வந்தவங்க எல்லாருக்கும் இந்த அனுபவம் இருக்கும். பெரம்பூர் தாண்டுனதும் சீட்டுக்கு அடியில இருக்க பெட்டிய இழுத்து வெளிய வச்சு, தூங்கற பிள்ளைய எழுப்பி, செருப்ப தேடி மாட்டிக்கிட்டு, கதவுகிட்ட போய் வரிசைல நின்னு, கூட்டிட்டு போக வந்தவங்களுக்கு போன் போட்டு "தோ வந்துட்டோம், அஞ்சு நிமிஷம்"ன்னு சொல்லிருப்பீங்க, சொல்லி வாய மூடல, வண்டி பேசின் பிரிட்ஜ்ல நின்னுடும். அப்புறம் இருபது நிமிஷம் ஆகும், சில நாள் அரை மணி நேரம் கூட. சென்ட்ரல் அங்கருந்து ரெண்டு கிலோமீட்டர்தான், ஆனா போக முடியாது. எங்க பெரியப்பா யாரையாவது கூட்டிட்டு வர சென்ட்ரல் போனா, வண்டி வர்ற டைமுக்குத்தான் வீட்டுல இருந்தே கிளம்புவாரு, ஏன் இவ்ளோ லேட்டா போறன்னு கேட்டா "வண்டி இன்னும் பேசின் பிரிட்ஜ்லதான் கீதுபா"ம்பாரு, முக்காவாசி நாள் அவர் சொல்றதுதான் சரியா இருக்கும்.

ஏன் அங்க நிக்குதுன்னு கேட்டா எல்லாரும் "சிக்னல் கிடைக்கல"ன்னு சொல்லிட்டு போய்டுவாங்க. சிக்னல் ஏன் கிடைக்கலங்கறதுதான் கேள்வி. அதுக்கு பதில் சொல்லணும்னா சென்ட்ரல் எப்படி வேலை செய்யுதுன்னு பாக்கணும், அத பாக்க ஆரம்பிச்சா கடைசில வந்து நிக்கறது எங்க வடசென்னைலதான்.

சென்ட்ரல் ஒரு முட்டு ஸ்டேஷன். காட்பாடி மாதிரி, விஜயவாடா மாதிரி ஒரு பக்கம் நுழைஞ்சு இன்னொரு பக்கம் போய்ட முடியாது, தண்டவாளம் அங்க முடிஞ்சிடும், அதுக்கப்புறம் பூந்தமல்லி ஹைரோடு. வண்டி உள்ள போய் சனங்க இறங்குனதும் கதை முடிஞ்சிடல. அந்த காலி பெட்டிங்கள திரும்ப பேசின் பிரிட்ஜ் யார்டுக்கு இழுத்துட்டு போகணும், கழுவணும், தண்ணி ரொப்பணும், பெட்ஷீட் மாத்தணும், பிரேக்கு சக்கரம் எல்லாம் செக் பண்ணணும், அப்புறம் கிளம்பற நேரத்துக்கு முன்னாடி மறுபடி காலியா சென்ட்ரலுக்கு தள்ளிட்டு வரணும். அதாவது நம்ம கணக்குக்கு ஒரு வண்டி வந்துச்சு ஒரு வண்டி போச்சு, ஆனா சென்ட்ரலுக்கும் பேசின் பிரிட்ஜுக்கும் நடுவுல இருக்க அந்த குறுகலான பாதைல அதே வண்டி நாலு தடவை கடந்து போகுது. இது போதாதுன்னு கும்மிடிப்பூண்டி லோக்கல், அரக்கோணம் லோக்கல் வேற அந்த வழியாதான் போயாகணும். அரக்கோணம் பக்கத்துல இருந்து வர்ற வண்டி ஒரு பிளாட்பாரத்துக்கு போகணும்னா ஆந்திராவுக்கு, கூடூர் பக்கம் கிளம்புற வண்டிய குறுக்க வெட்டணும், வெட்டற நேரத்துக்கு மத்தது நிக்கும். பிளாட்பாரம் காலி இல்லன்னாலும் நிக்கும். ஒரு வீட்டுக்கு ஒரே கதவு, அந்த கதவு வழியாத்தான் விருந்தாளியும் வரணும் குப்பையும் வெளிய போகணும் தண்ணி லாரி பைப்பும் உள்ள வரணும்னா எப்படி இருக்குமோ அப்படி.

பேசின் பிரிட்ஜ்ங்கற பேரே ரயிலுக்கு முன்னாடி இருந்த ஒரு விஷயத்துல இருந்து வந்தது. இப்ப நாம பக்கிங்காம் கால்வாய்ன்னு மூக்க மூடிக்கிட்டு கடந்து போறோமே, அது எண்ணூர் வரைக்கும் 1806 வாக்குல வெட்டுன கொக்ரேன் கால்வாய், அதுல படகுங்க போகும். படகு நிக்கறதுக்கு அகலமா வெட்டி வச்ச குளம் மாதிரி இடந்தான் பேசின். எண்ணூர் பக்கத்து உப்பு படகுல வந்து இறங்கும். வால்டாக்ஸ் ரோடு ஓரமா சால்ட் கோட்டர்ஸ்ன்னு ஒரு பெரிய கூட்ஸ் ஷெட் ஏரியா இருக்குல்ல, அந்த பேரு அங்கருந்துதான். உப்புக்காரங்க குடியிருந்த குவாட்டர்ஸ்ன்னு நான் ரொம்ப நாள் நினைச்சிட்டு இருந்தேன், அப்படி இல்ல, நம்ம கொட்டாரம் தான் இங்கிலீஷ்காரன் வாயில கோட்டர்ஸ் ஆகிடுச்சு, உப்பு கொட்டி வைக்கிற கிடங்கு. வால்டாக்ஸ் ரோடு கதை இன்னும் வேடிக்கை, ஊருக்கு மதில் கட்டுன செலவுக்கு சனங்ககிட்ட வரி வாங்கலாம்னு கம்பெனிக்காரன் பிளான் போட்டான், கடைசில வரி வசூலே ஆகல, பேரு மட்டும் ரோட்டுக்கு நின்னுடுச்சு.

சரி ரயிலுக்கு வருவோம். மெட்ராஸ்ல ரயில்னாலே எல்லாரும் சென்ட்ரல்தான் முதல்னு நினைக்கறாங்க, இல்ல. முதல் ஸ்டேஷன் ராயபுரம். மெட்ராஸ்க்கு மட்டும் இல்ல, தென்னிந்தியாவுக்கே. பாம்பேல 1853 ஏப்ரல் 16 போரிபந்தர்ல இருந்து தானேக்கு முதல் வண்டி ஓடுச்சு, அடுத்த வருஷம் ஹவுரால இருந்து ஹூக்ளிக்கு, மூணாவது நம்மளுது. 1856 ஜூன் 28 அன்னிக்கு கவர்னர் ஹாரிஸ் பிரபு ராயபுரம் ஸ்டேஷன திறந்து வச்சாரு, ஜூலை 1ல இருந்து ராயபுரம் டு வாலாஜா ரோடு சனங்களுக்கு வண்டி விட்டாங்க, நூறு கிலோமீட்டர் சுமாருக்கு. பாம்பேலயும் தானேலயும் அந்த முதல் ஸ்டேஷன் கட்டடங்க இப்ப இல்ல. அதனால இந்தியாவுலயே இன்னும் நிக்கிற ரயில்வே ஸ்டேஷன் கட்டடங்கள்ல பழசு ராயபுரம்தான். 2005ல பெயின்ட் எல்லாம் அடிச்சு சரி பண்ணாங்க. பெரிய பெரிய தூணோட ஏதோ ஒரு கவர்னர் பங்களா மாதிரி இருக்கும், உள்ள போனா பிளாட்பாரத்துல நாலு பேர் இருப்பாங்க, ரெண்டு நாய் படுத்திருக்கும்.

ஏன் ராயபுரத்துல கொண்டு போய் வச்சான்னா, கோட்டையும் ஜார்ஜ் டவுன் வியாபாரமும் அந்த பக்கம், கடலும் அந்த பக்கம், ஊர் மதிலுக்கு வடக்க காலி நெலமும் இருந்துச்சு. இதுல கவனிக்க வேண்டியது, அப்ப துறைமுகம்னு ஒன்னு கிடையாது. கப்பல் தூரத்துல நிக்கும், மசூலா படகுல ஏத்தி அலை மேல தூக்கி போட்டு ஆளையும் சரக்கையும் கரைக்கு கொண்டு வருவாங்க. துறைமுகம் கட்ற வேலை 1870கள்ல தான் ஆரம்பிச்சாங்க, அதையும் 1881ல புயல் அடிச்சு உடைச்சிடுச்சு. அதாவது ராயபுரத்துக்கு ரயில் வந்து இருபது வருஷம் கழிச்சுதான் ஹார்பர் வேலையே.

அந்த வாலாஜா லைன் அதோட நிக்கல. மேற்க நீண்டுக்கிட்டே போய் 1862ல கேரளாக்கரை பேப்பூர் வரைக்கும் போச்சு, ஜோலார்பேட்டைல இருந்து பிரிஞ்சு 1864ல பெங்களூர் கன்டோன்மென்ட் போச்சு, அரக்கோணத்துல இருந்து வடமேற்க திரும்பி 1871ல ராய்ச்சூர்ல பாம்பே லைனோட சேந்துச்சு. இப்ப ராத்திரி சென்ட்ரல்ல ஏறி கோயமுத்தூர் போறீங்களே நீலகிரி எக்ஸ்பிரஸ், சேரன் எக்ஸ்பிரஸ், அதெல்லாம் இந்த 1856 தடத்து மேலதான் போகுது, ஆவடி, திருவள்ளூர், அரக்கோணம், வாலாஜா ரோடு. இதுல இன்னொரு பழைய சந்தேகமும் தீரும். மதுரைக்கு எக்மோர் போகணும் கோயமுத்தூருக்கு சென்ட்ரல் போகணும்னு ஏன் இப்படி பிரிச்சு வச்சிருக்கான்னு சின்ன வயசுல நானும் கேட்ருக்கேன், ஊர் திசைய பாத்து பிரிச்சாங்கன்னு யாரோ சொன்னாங்க. திசை இல்லைங்க, கம்பெனி. சென்ட்ரல் பக்கம் மெட்ராஸ் ரயில்வே கம்பெனி, அது பிராட் கேஜ், 1908ல சதர்ன் மராட்டாவோட சேந்து எம் அண்டு எஸ்எம் ஆச்சு. எக்மோர் பக்கம் சவுத் இந்தியன் ரயில்வே, அது மீட்டர் கேஜ், எக்மோர் ஸ்டேஷன் திறந்ததும் 1908தான். தண்டவாள அகலமே வேற, ஒருத்தன் வண்டி இன்னொருத்தன் ரோட்டுல ஓடவே ஓடாது. 1951 ஏப்ரல் 14 இந்த கம்பெனிங்களையும் மைசூர் ரயில்வேயையும் சேத்து சதர்ன் ரயில்வேன்னு ஆக்குனாங்க, அதுக்கப்புறமும் மீட்டர் கேஜ் மாத்தறதுக்கு பல வருஷம் ஆச்சு. கம்பெனி போச்சு, கேஜ் போச்சு, நம்ம அலையறது மட்டும் போகல.

சென்ட்ரல் 1873. ராயபுரத்துல கூட்டம் தாங்காம ரெண்டாவது ஸ்டேஷனா பார்க் டவுன்ல கட்டுனது. அந்த இடத்துக்கு ஜான் பெரேரா தோட்டம்னு பேரு, போர்ச்சுகீஸ் வியாபாரி ஒருத்தரோட தோட்டம், பின்னாடி பாழாகி சேவல் சண்டை விடற இடமா கெடந்துச்சாம். முதல்ல ஜார்ஜ் ஹார்டிங்ன்னு ஒரு ஆர்க்கிடெக்ட் வரைஞ்சாரு, அப்புறம் ராபர்ட் சிஷோம் சேத்து மாத்துனது, 1900 வாக்குல முடிஞ்சதுதான் நாம இப்ப பாக்கற செகப்பு கட்டடம். நடுவுல மணிக்கூண்டு, நாலு பக்கமும் கடிகாரம், 136 அடி உயரம், கால் மணிக்கு ஒரு தடவை மணி அடிக்கும். இப்ப இருக்க பஸ் ஹாரன் சத்தத்துல யாருக்கு கேக்குது.

கட்டுன உடனே சென்ட்ரல் பெரிய ஆளாகிடல. முப்பது வருஷத்துக்கு மேல ராயபுரந்தான் மூத்தவன். 1899ல விஜயவாடா லைன் சேந்துச்சு, அதோட வடக்க கல்கத்தா வரைக்கும் வழி கெடச்சுது, கூட்டம் இன்னும் ஏறுச்சு. 1907ல லைன ராயபுரத்த தாண்டி பீச் வரைக்கும் நீட்டுனாங்க, அன்னில இருந்து ராயபுரம் கடைசி ஸ்டேஷன்ங்கற அந்தஸ்து போய் நடுவுல நிக்கற ஒரு ஸ்டேஷன் ஆகிடுச்சு, பெரிய வண்டிங்க எல்லாம் சென்ட்ரலுக்கு போச்சு. ஆபீஸ் மட்டும் ராயபுரத்துல இருந்துச்சு, அதுவும் 1922ல சென்ட்ரல் பக்கத்துல அந்த அரண்மனை மாதிரி கல் கட்டடம் கட்டி மாத்திட்டாங்க, இன்னிக்கும் அதுதான் சதர்ன் ரயில்வே தலைமை ஆபீஸ். மூத்த மருமகள அடுப்படிக்கு அனுப்பிட்டு சின்ன மருமகள வாசல்ல உக்கார வச்ச மாதிரின்னு எங்க தெரு பெருசு ஒருத்தர் சொல்வாரு, அதுக்கு மேல நான் என்னத்த சொல்றது.

அடுப்படின்னு சொன்னது சும்மா இல்ல. சமையல் எல்லாம் இன்னும் இங்கதான் நடக்குது. ராயபுரத்துல எலக்ட்ரிக் லோகோ ஷெட் இருக்கு, தென்னிந்தியால பெரிய ஷெட்டுங்கள்ல ஒன்னு. டெல்லி போற வண்டிக்கோ ஹவுரா போற வண்டிக்கோ முன்னாடி இருக்க எஞ்சின் பக்கவாட்டுல பாருங்க, ராயபுரம்னு ஷெட் பேரு எழுதிருக்கும், அந்த எஞ்சின் இந்தியா பூரா சுத்திட்டு ரிப்பேருக்கு ராயபுரத்துக்கு தான் வரணும். எங்க ஊரு பேர நாக்பூர்க்காரன் தினம் படிக்கிறான். தண்டையார்பேட்டைல கூட்ஸ் வண்டி பிரிச்சு சேக்கற யார்டு, டீசல் ஷெட், கன்டெய்னர் டிப்போ. பேசின் பிரிட்ஜ்ல பெட்டி கழுவற யார்டு சொல்லிட்டேன். பெரம்பூர்ல 1856லயே, அதாவது ராயபுரம் ஸ்டேஷன் வயசுலயே, ரயில்வே ஒர்க்‌ஷாப் ஆரம்பிச்சாச்சு. அதுக்கு கொஞ்ச தூரத்துல ரயில் பெட்டி செய்யற ஃபேக்டரி ஐசிஎஃப், 1955 அக்டோபர் 2 நேரு திறந்து வச்சது. விடியக்கால சங்கு ஊதற சத்தத்துக்கு எழுந்து டிபன் கேரியர எடுத்துக்கிட்டு சைக்கிள்ல போன தலைமுறைங்க அயனாவரம், பெரம்பூர், வில்லிவாக்கம் பூரா இருக்கு.

வந்தே பாரத் ஐசிஎஃப்ல செஞ்சதுன்னு எல்லாருக்கும் தெரியும். முதல் வண்டி 2019 பிப்ரவரில டெல்லி-வாரணாசி ஓடுச்சு. சென்ட்ரலுக்கு ஒன்னு வந்தது 2022 நவம்பர் 11, மைசூருக்கு. அடுத்து 2023 ஏப்ரல்ல கோயமுத்தூருக்கு. செஞ்ச ஊருக்கு வர மூணே முக்கால் வருஷம். சமைச்சவங்க கடைசிலதான் சாப்பிடணும்னு வீட்டுல பழக்கம் இருக்குல்ல, அதே கதைதான்.

கரண்ட் லோக்கல் வண்டி கதையும் பாருங்க. பீச்-தாம்பரம் லைன்ல 1931லயே எலக்ட்ரிக் ட்ரெயின் ஓடுச்சு. வடக்குப் பக்கம் கும்மிடிப்பூண்டிக்கும் திருவள்ளூருக்கும் எலக்ட்ரிக் லோக்கல் வந்தது 1979ல. நாப்பத்தெட்டு வருஷ வித்தியாசம். வடசென்னைனாலே இளக்காரம்னு சொல்லிட்டு போய்டலாம், நானும் சொல்லிருக்கேன், ஆனா முழுசா அது மட்டும் காரணம் இல்ல, தெற்க இருந்தது வேற கம்பெனி, அவன் சைதாப்பேட்டை, தாம்பரம் பக்கம் குடியிருப்பு வளரும்னு பாத்து முதலீடு போட்டான். இந்தப் பக்கத்துக் கம்பெனிக்கு பெருசா வருமானம் தூர வண்டியும் சரக்கும்தான். தெற்க ஆளுங்கள ஏத்தறதுக்கு லைன், வடக்க நிலக்கரியும் உரமும் எண்ணெயும் ஏத்தறதுக்கு லைன், அந்த நெனப்பு இன்னும் முழுசா போகல. ஏசி லோக்கல் 2025 ஏப்ரல்ல முதல்ல எங்க விட்டாங்க? பீச்-தாம்பரம்-செங்கல்பட்டு.

லோக்கல் வண்டி கிளம்பற இடம் சென்ட்ரல் மெயின் கட்டடத்துக்குள்ள இல்ல, பக்கத்துல, மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ். புதுசா வர்றவங்க இதுல தான் ஏமாறுவாங்க, மெயின் ஸ்டேஷனுக்குள்ள போய் கும்மிடிப்பூண்டி வண்டி எங்கன்னு தேடிட்டு இருப்பாங்க. மூர் மார்க்கெட் 1900ல திறந்த பெரிய பஜார், கார்ப்பரேஷன் தலைவரா இருந்த ஜார்ஜ் மூர் பேர்ல. பழைய புஸ்தகம், கிராமஃபோன் தட்டு, கிளி, முயல், பழைய கோட்டுன்னு எது வேணா கிடைக்கும்ன்னு அப்பா சொல்வாரு, எங்கப்பாவோட முதல் இங்கிலீஷ் டிக்‌ஷனரி அட்டை இல்லாம அங்க வாங்குனதுதான், ஏ எழுத்துல பாதி பக்கம் இருக்காது. 1985 மே 30 எரிஞ்சு போச்சு. அந்த இடத்துல தான் லோக்கல் டெர்மினலும் ரிசர்வேஷன் கட்டடமும் வந்துச்சு. மார்க்கெட் பேரு மட்டும் டைம்டேபிள்ல எம்எம்சின்னு மூணு எழுத்தா மிச்சம், தினம் அத படிக்கிற பிள்ளைங்க முக்காவாசி பேருக்கு அது ஒரு சந்தையோட பேருன்னே தெரியாது. இதே எம்எம்சி பிளாட்பாரத்துல இருந்து 2009 ஏப்ரல் 29 விடியக்கால எவனோ ஒருத்தன் லோக்கல் வண்டிய எடுத்து ஓட்டிட்டு போய் வியாசர்பாடி ஜீவா கிட்ட கூட்ஸ் வண்டில மோதிட்டான், நாலு பேர் செத்தாங்க.

மொத்தம் 17 பிளாட்பாரம், அதுல 12 வெளியூர் வண்டிக்கு, 5 லோக்கலுக்கு. 2ஏன்னு ஒரு பிளாட்பாரம் இருக்கு, ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல, குட்டையா இருக்கும், சதாப்தி மாதிரி நீளம் கம்மியான வண்டிதான் அதுல நிக்கும். பழைய வண்டிங்கன்னு பாத்தா கிராண்ட் டிரங்க் 1929ல ஆரம்பிச்சது, அப்ப பெஷாவர் வரைக்கும் போச்சு, பிருந்தாவன் 1964, தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் 1976, கோரமண்டல் 1977. வடக்க ஆந்திரா, ஒடிசா, வங்காளம், டெல்லி, மேற்க பெங்களூர், கோவை, கேரளா, மும்பை, இதெல்லாம் சென்ட்ரல். விடியக்கால ஹவுரா வண்டி வந்து நிக்கறப்ப போய் பாத்தீங்கன்னா தெரியும், தோள்ல ஒரு பை, கைல ஒரு பெயின்ட் டப்பால துணி, வெளிய வந்து அந்த மணிக்கூண்ட நிமிந்து பாத்துட்டு நிக்கிற பசங்க, எண்ணூர், மாதவரம், மணலின்னு பேப்பர்ல எழுதி வச்சத காட்டி வழி கேப்பாங்க. சொல்லிட்டு போங்க, ரெண்டு நிமிஷம் ஆகும்.

வசதின்னா ரிசர்வேஷன் கவுன்டர், வெயிட்டிங் ஹால், லக்கேஜ் வைக்க கிளோக் ரூம், தங்கறதுக்கு ரூம், வயசானவங்களுக்கு பேட்டரி கார், எல்லாம் இருக்கு. 2023ல அனவுன்ஸ்மென்ட்ட நிறுத்திட்டு எல்லாரும் போர்ட பாத்துக்கங்கன்னு சத்தமில்லாத ஸ்டேஷன் மாதிரி சோதனை பண்ணாங்க. சத்தம் இல்லாத சென்ட்ரல நினைச்சு பாருங்க, "யுவர் அட்டென்ஷன் ப்ளீஸ்" கேக்காம இட்லி கூட இறங்காது நமக்கு. படிக்க தெரியாதவங்க, கண்ணு தெரியாதவங்க எப்படி பாப்பாங்கன்னு அப்ப நெறைய பேர் கேட்டாங்க, நியாயமான கேள்விதான். லோக்கலுக்கு குறைஞ்ச டிக்கெட் இன்னும் அஞ்சு ரூபாதான், இந்த ஊருல அஞ்சு ரூபாய்க்கு டீ கூட கிடையாது. கவுன்டர் க்யூல நிக்க வேணாம், ஆப்லயோ மெஷின்லயோ எடுத்துக்கலாம். பிளாட்பாரம் டிக்கெட் பத்து ரூபா, அதாவது வண்டில ஏறி ஒரு ஸ்டேஷன் போறத விட சும்மா நின்னு வேடிக்கை பாக்கறது டபுள் ரேட்.

எங்களுக்கு உண்மைல மாத்துனது மெட்ரோ. சென்ட்ரல் மெட்ரோ 2018 மே 25 திறந்துச்சு, வண்ணாரப்பேட்டைல இருந்து சென்ட்ரல் வழியா லைன் 2019 பிப்ரவரில, விம்கோ நகர் வரைக்கும் 2021 பிப்ரவரில. அதுக்கு முன்னாடி திருவொத்தியூர்ல இருந்து பெட்டியோட சென்ட்ரல் போறதுன்னா ஒரு யாத்திரை, டோல்கேட்ல கன்டெய்னர் லாரி, மின்ட்ல மாட்டுனா வண்டி போச்சு, யானைக்கவுனி பாலம் வேற பல வருஷம் இடிச்சு போட்டு சுத்திட்டு போகணும், அந்த பாலம் போற தண்டவாளம் எதுன்னு பாத்தா சென்ட்ரலுக்கும் பேசின் பிரிட்ஜுக்கும் நடுவுல இருக்க அதே பாதைதான், கீழ வண்டிய நிறுத்தாம மேல பாலம் கட்டணும், அதான் அவ்ளோ நாள். நானே ஒரு தடவை எங்க வீட்டு பக்கத்து ரயில்வே கேட்ல கூட்ஸ் வண்டிக்கு மாட்டி, ஐம்பத்தி சொச்சம் வேகன எண்ணிக்கிட்டே நின்னு, பெங்களூர் வண்டிய விட்டுட்டேன். ரயில் போறதால ரயில விட்டேன்னு சொன்னா ஆபீஸ்ல எவனும் நம்பல.

இன்னொரு விஷயம், வடசென்னைக்காரங்க தெரிஞ்சு வச்சிருக்கறது. மேற்குல இருந்து வர்ற வண்டிங்க நெறைய பெரம்பூர்ல நிக்கும், வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொளத்தூர் ஆளுங்க அங்கயே இறங்கிடுவாங்க, பேசின் பிரிட்ஜ் தபசு அவங்களுக்கு கிடையாது. சில வண்டி சென்ட்ரலுக்கு போகவே போகாது. பேசின் பிரிட்ஜ், வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, வண்ணாரப்பேட்டை இந்த நாலையும் சேத்து தண்டவாளம் ஒரு டைமண்ட் கட்டம் மாதிரி போட்டிருக்கு, சென்ட்ரல் அதோட தெற்கு முனைல தொங்கிட்டு இருக்கு. மைசூர்-தர்பங்கா போற பாக்மதி மாதிரி வண்டி சென்ட்ரல் உள்ள வந்து எஞ்சின் மாத்தி திரும்பணும்னா ஒரு மணி நேரம் வேஸ்ட், அதனால டைமண்டோட மேல் கோட்டுல அப்படியே வெட்டிட்டு போய்டும், நம்மூர் ஸ்டாப் பெரம்பூர். சொந்தக்காரங்க சென்ட்ரல்ல காத்திருக்க, இவங்க பெரம்பூர்ல இறங்கி நிக்க, ரெண்டு பக்கமும் போன்ல திட்டிக்கிறத நான் பாத்திருக்கேன்.

பேரும் ஒரு வார்த்தை. மெட்ராஸ் சென்ட்ரல், 1996ல சென்னை சென்ட்ரல், 2019ல புரட்சித் தலைவர் டாக்டர் எம்.ஜி.ராமச்சந்திரன் சென்ட்ரல். டிக்கெட்ல கோடு இன்னும் எம்ஏஎஸ் தான், மெட்ராஸ் அதுக்குள்ள ஒளிஞ்சிட்டு இருக்கு. ஷேர் ஆட்டோல "சென்ட்ரல் சென்ட்ரல்"ன்னு மட்டும்தான் கூப்புடுவான்.

இப்ப ஆரம்பிச்ச இடத்துக்கு வரேன், அந்த பேசின் பிரிட்ஜ் நிறுத்தம். சென்ட்ரல்ல பிளாட்பாரம் சேக்க இடம் இல்ல, ஒரு பக்கம் கால்வாய், ஒரு பக்கம் ரோடு. வெளிய பாதைய அகலப்படுத்தலாம், கொஞ்சம் பண்ணிருக்காங்க, ஆனா முட்டு ஸ்டேஷன் முட்டு ஸ்டேஷன்தான். அதனால மூணாவது டெர்மினல் வேணும்னு பேச்சு வந்தப்ப ராயபுரத்த ஆக்குங்கன்னு இங்க ரொம்ப நாள் கேட்டாங்க, கோர்ட் வரைக்கும் போச்சு. பழைய ஸ்டேஷன், நெலம் இருக்கு, பீச் லைன்ல சேருது, கேக்க நியாயமாத்தான் இருந்துச்சு. கெடச்சது தாம்பரத்துக்கு. தெற்க போற வண்டிக்கு அது சரி, டெல்லி ஹவுரா வண்டிக்கு அதால பெருசா ஒன்னும் ஆகப்போறதில்ல, ஏன்னா அந்த வண்டிங்க ஊருக்குள்ள நுழையறதே வடக்கு வாசல் வழியா. இப்ப பெரம்பூர நாலாவது டெர்மினலா ஆக்கற பேச்சு ஓடுது. என்னய கேட்டா ராயபுரத்த விட அது கொஞ்சம் தெளிவான யோசனைதான், மனசுக்கு ஒப்பல, இருந்தாலும் சொல்றேன், டைமண்டுக்கு மேற்க இருக்கறதால அரக்கோணம் பக்கத்து வண்டி அந்த குறுகல் பாதைய தொடாமலே முடிஞ்சு திரும்பிடலாம், கூடூர் பக்கத்து வண்டியும் கொருக்குப்பேட்டை வியாசர்பாடி வழியா வந்துடலாம், பெட்டி செக் பண்ற ஒர்க்‌ஷாப்பும் பக்கத்துல. ஆனா பெரம்பூர் ஸ்டேஷன் வாசல்ல இப்பவே சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு ஆட்டோ திரும்ப முடியாது, அதுல இருபத்திநாலு பெட்டி சனம் இறங்குனா என்ன ஆகும்னு யாராவது ரோட்டயும் சேத்து பிளான் போட்டா பரவால்ல.

பெரியப்பாகிட்ட இத சொன்னேன், பெரம்பூர்லயே வண்டி முடிஞ்சிடும், பேசின் பிரிட்ஜ்ல நிக்கவே நிக்காதுன்னு. கொஞ்ச நேரம் யோசிச்சாரு. "அப்ப பெரம்பூர்க்கு முன்னாடி எங்கயாச்சும் நிறுத்துவான்பா"ன்னுட்டு பேப்பர திருப்பிட்டாரு.